வெறுங்காலும் தங்கப் பதக்கமும்: இந்தியக் கால்பந்தும் நாட்டின் பிம்பமும், 1948–1962

புதுதில்லியின் சாணக்யபுரி, அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென 1950களில் உருவாக்கப்பட்ட பகுதி. அரசியல் நூல் செய்த சாணக்கியரின் பெயர் அதற்கு இடப்பட்டது. சாந்திபத், பஞ்சசீல மார்க், நியாய மார்க், கௌடில்ய மார்க் என அதன் சாலைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களே, விடுதலை பெற்ற இந்தியா உலகின் முன் தன்னை எவ்வாறு நிறுத்திக்கொள்ள விரும்பியது என்பதைக் காட்டுகின்றன. அமைதியை நாடும் நாடு, ஆசியாவின் மூத்த குரல், எவருக்கும் அடிபணியாத நாடு என்பவை அந்தப் பிம்பத்தின் கூறுகள்.

இந்தோனேசியா, தென் கொரியா, ஜப்பான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் தூதரகங்கள் இன்று இப்பகுதியில் உள்ளன. 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் ஜகார்த்தாவின் செனயான் அரங்கில் நடந்த ஒரு கால்பந்து ஆட்டத்தின் கதையிலும் இந்த நான்கு நாடுகளுக்கும் பங்குண்டு. தென் கொரியாவுடன் இந்தியா முழுமையான தூதரக உறவு கொண்டது 1973இல்தான். அதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னரே இரு நாட்டு இளைஞர்களும் ஒரு தங்கப் பதக்கத்துக்காக எதிரெதிரே நின்றனர்.

எவரும் வெல்லும் என்று எண்ணாத அணி வெல்லும்போது ஒரு நாட்டின் விளையாட்டுப் பிம்பம் மாறுகிறது என்பது விளையாட்டு வரலாற்றில் பலரும் ஏற்கும் கருத்து. இந்தியக் கால்பந்தின் 1948–1962 காலப்பகுதியைக் கூர்ந்து நோக்கினால் இக்கருத்தைச் சற்றுத் திருத்த வேண்டியுள்ளது. தோற்ற ஆட்டம் ஒன்று நாட்டின் பிம்பமாக நிலைத்துவிட்டது. வென்ற ஆட்டம் பொதுநினைவிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோனது. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. இல்ஃபோர்டு, 1948: ஒரு பிம்பத்தின் பிறப்பு

1948 ஜூலை 31ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி இல்ஃபோர்டு நகரின் கிரிக்கிள்ஃபீல்டு திடலில் பிரான்சை எதிர்கொண்டது. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவடையாத காலம். அணித் தலைவர் நாகா இனத்தைச் சேர்ந்த தாலிமெரென் ஆவ். மருத்துவம் பயின்ற அவரே அந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர்.

இந்திய ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சு முதலில் ஒரு கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் பதில் கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல் அது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் அடித்து 2–1 என வென்றது.

தோல்விதான், ஆயினும் இலண்டன் பார்வையாளர்கள் இந்திய அணியை வியந்து பாராட்டினர். அந்த வியப்பைச் சுற்றிக் கதைகள் முளைத்தன. இந்தியாவில் ஆடுவது கால்பந்து, ஐரோப்பாவில் ஆடுவது பூட்ஸ்பந்து என்று ஆவ் நகைத்ததாக ஒரு கதை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் சைலேன் மன்னாவின் கால்சட்டையை உயர்த்தச் சொல்லி, கால் எலும்பு எஃகினால் ஆனதா என்று பார்த்ததாக மற்றொரு கதை. இவை மெய்யா புனைவா என்பதைக் காட்டிலும், இவை ஏன் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா.

இக்கதைகளில் வெறுங்கால் ஒரு குறையாகத் தோன்றவில்லை. இயற்கை தந்த ஆற்றலாகத் தோன்றுகிறது. குடியேற்ற ஆட்சியை நடத்தியவர்களுக்கு அது இனிய காட்சி. முன்னாள் குடிமக்கள் எளிமையோடும் பயிற்றுவிக்கப்படாத திறனோடும் தங்கள் முன் ஆடுகிறார்கள். விடுதலை பெற்ற நாட்டவர்க்கும் அது உவப்பானதே. பூட்ஸ் இல்லாமலேயே ஐரோப்பியரைத் திணறச் செய்தோம் என்ற பெருமிதம் அதில் இருந்தது. இரு தரப்பாருக்கும் ஒருங்கே பொருந்தியதால்தான் அந்தப் பிம்பம் வலுப்பெற்றது.

2. பிம்பம் வரலாற்றை விழுங்குதல்

அதன் வலிமைக்குச் சிறந்த சான்று 1950 உலகக்கோப்பை பற்றிய பொதுநம்பிக்கை. பிரேசிலில் நடந்த அப்போட்டிக்கு, தகுதிச்சுற்றில் எதிரணிகள் விலகியதால் இந்தியா இடம்பெற்றது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. பின்னர் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விலகிக்கொண்டது. வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா மறுத்ததனால்தான் இந்தியா விலகியது என்று இன்றும் பலர் எழுதுகின்றனர்.

அக்காலத்தில் கூட்டமைப்பு கூறிய காரணங்கள் வேறு: அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய காலமின்மை. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் பிரேசில் முன்வந்தும் முடிவு மாறவில்லை. அக்காலத்தில் ஒலிம்பிக்கே முதன்மையான அரங்காக மதிக்கப்பட்டது என்றும், உலகக்கோப்பையின் பெருமை தங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்கவில்லை என்றும் சைலேன் மன்னா பிற்காலத்தில் விளக்கினார். ஒரு நிர்வாக முடிவு, வெறுங்கால் என்னும் காட்சிக்குள் கரைந்துபோனது. முடிவெடுத்தவர்கள் கதையிலிருந்து அகன்றுவிட்டனர். ஆட்டக்காரர்களின் கால்கள் மட்டும் எஞ்சின.

1951 மார்ச்சில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியின் தேசிய விளையாட்டரங்கில் நடைபெற்றது. அங்கே இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10–1 என்ற கணக்கில் வீழ்த்தியது. குளிர்ந்த ஈரத் தரையில் வெறுங்கால் ஆட்டத்தின் எல்லை வெளிப்பட்டது. அதன் பின்னரே பூட்ஸ் அணிவதைக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது. வெறுங்கால் இயற்கை தந்த வரம் என்ற கதைக்கு ஹெல்சிங்கியின் பத்து கோல்களே மறுப்புரை. ஆனால் இல்ஃபோர்டு நினைவில் நின்ற அளவுக்கு ஹெல்சிங்கி நிற்கவில்லை.

3. ஆசிரியர் ரஹீம்

இங்கிருந்து கதையின் மையம் சையது அப்துல் ரஹீமுக்கு நகர்கிறது. 1909இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943 முதல் இறக்கும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக வளர்த்தவர். 1950களின் தொடக்கத்திலிருந்து தேசிய அணியின் பயிற்சியாளர்.

திறமை இயற்கையாய் அமைவது என்ற எண்ணத்தை ரஹீம் ஏற்கவில்லை. பந்தைக் காலில் நெடுநேரம் வைத்திருந்து தனித்திறன் காட்டுவதை விடுத்து, விரைந்து கடத்தி ஆடும் முறையைப் பழக்கினார். உலகில் நிகழ்ந்த ஆட்டமுறை மாற்றங்களைக் கவனித்து அணியின் அமைப்பை மாற்றினார். விளைவு விரைவில் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என வென்றது. அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த நெவில் டிசூசா, ஒலிம்பிக் கால்பந்தில் இச்சாதனை புரிந்த முதல் ஆசியர். இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் 1–1 எனச் சமநிலை கண்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே பிரான்சு. இம்முறை காலில் பூட்ஸ் இருந்தது, மனத்தில் திட்டமும் இருந்தது.

அணியில் இருந்தோர் எத்தகைய பின்புலத்தினர் என்பது நோக்கத்தக்கது. பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே அணியின் ஆட்டக்காரர். கொல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்கள் எதற்கும் ஆடாமலேயே நாட்டின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரராய் உயர்ந்தவர். ஜர்னைல் சிங் இன்றைய பாகிஸ்தானிலுள்ள லயால்பூர் மாவட்டத்தில் பிறந்து, 1947 பிரிவினையால் புலம்பெயர்ந்தவர். துளசிதாஸ் பலராம் செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு வந்துபோகச் சைக்கிள் வாடகையை ரஹீமே கொடுத்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வழியாகக் கால்பந்துக்குள் நுழைந்தவர். முன்கள ஆட்டக்காரராகத் தொடங்கிக் கோல்காப்பாளராக மாறிய நெடிய உருவத்தினர். ரயில்வே, ராணுவம், காவல்துறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் ஊதியத்தில்தான் அன்றைய இந்தியக் கால்பந்து உயிர்வாழ்ந்தது.

4. ஜகார்த்தா, 1962

இந்தியாவும் இந்தோனேசியாவும் விடுதலைக் காலத்து நண்பர்கள். டச்சு ஆதிக்கத்துக்கு எதிராக இந்தோனேசியாவை ஆதரித்து 1949 ஜனவரியில் நேரு தில்லியில் மாநாடு கூட்டினார். 1950இல் முதல் குடியரசு நாள் விழாவின் சிறப்பு விருந்தினர் சுகர்ணோ. 1955இல் பாண்டுங் மாநாட்டில் இருவரும் தோளோடு தோள் நின்றனர். ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு 1949 பிப்ரவரியில் நிறுவப்பட்டதும் தில்லியில்தான். அதன் சிற்பிகளுள் முதன்மையானவர் பேராசிரியர் குரு தத் சோந்தி.

1962இல் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் நுழைவு மறுத்தது. கூட்டமைப்பின் விதிகளுக்கு இது முரண் என்று சோந்தி எதிர்த்தார். ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற பெயரையே இதற்கு வழங்கலாகாது என்று வாதிட்டார். அவர் அரசின் பேராளர் அல்லர். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர். ஜகார்த்தாவின் தெருக்களில் இந்த வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. செப்டம்பர் 3 அன்று அங்குள்ள இந்தியத் தூதரகம் கூட்டத்தாரால் தாக்கப்பட்டது. சோந்தி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

மறுநாள் கால்பந்து இறுதியாட்டம். தூதர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கட்டியெழுப்பிய ஆசிய நட்பின் பிம்பம் நொறுங்கிக் கிடந்த நேரத்தில், பதினொரு இளைஞர்கள் நாட்டின் பெயரைச் சுமந்து திடலில் இறங்கினர்.

அவர்கள் அதுவரை வந்த வழியும் எளிதன்று. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4–1 எனவும் ஜப்பானை 2–0 எனவும் வென்று அரையிறுதிக்கு வந்தனர். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. தலையில் கட்டுடன் தற்காப்பில் ஆடுவது இடர் என்று கருதிய ரஹீம், தற்காப்பு ஆட்டக்காரரான அவரை முன்களத்தில் நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாம் 3–2 என வீழ்ந்தது. அந்நாடே இன்று உலக வரைபடத்தில் இல்லை. காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் தேறி எழ, முந்தைய ஆட்டங்களில் நன்றாக ஆடிய பிரத்யுத் பர்மனை வெளியே அமர்த்தி, இறுதியாட்டத்துக்கு அவரை ரஹீம் களமிறக்கினார். கொரியர்களின் உயரமான பந்துகளைச் சமாளிக்க நெடிய கோல்காப்பாளர் வேண்டும் என்ற கணக்கு அம்முடிவுக்குப் பொருந்துகிறது.

அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்திய நாட்டுப்பண் ஒலித்தபோது கூச்சல் எழுந்தது. இந்தியர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஏளன ஒலி. அந்த அரங்கில் தங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று இந்திய ஆட்டக்காரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தனர். அதே போட்டியின் ஹாக்கி இறுதியில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றவர்கள் அவர்கள்தாம்.

ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்று நிமிடம் கழித்துத் தலைக்கட்டுடன் ஜர்னைல் சிங் அடுத்த கோலை அடித்தார். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் தென் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2–1 என்ற கணக்கில் சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியா தங்கம் வென்றது.

இல்ஃபோர்டிலும் 2–1, செனயானிலும் 2–1. முதலாவதில் இந்தியாவை நோக்கிக் கைதட்டினார்கள். இரண்டாவதில் ஏளனம் செய்தார்கள். கைதட்டல் பெற்ற தோல்வியை நாடு போற்றிக் காத்தது.

5. ஏன் மறக்கப்பட்டது?

முதற்காரணம் காலம். செப்டம்பர் 4இலிருந்து 46ஆம் நாள், அக்டோபர் 20 அன்று, சீனாவுடன் எல்லைப் போர் மூண்டது. பஞ்சசீலத்தின் பெயரில் சாலை அமைத்த தலைநகரம் அந்த ஒப்பந்தத்தின் சரிவைக் கண்டது. அத்தகைய இலையுதிர்காலத்தில் கால்பந்துத் தங்கத்தைக் கொண்டாட எவர்க்கும் மனம் இருந்திருக்காது.

இரண்டாவது காரணம் தூதாண்மை சார்ந்தது. ஜகார்த்தா வெற்றியைப் பேசினால் தாக்கப்பட்ட தூதரகத்தையும் பேச வேண்டும். முறிந்த நட்பையும் பேச வேண்டும். இந்தோனேசியாவைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1963 பிப்ரவரியில் இடைநீக்கியது. சுகர்ணோ அதே ஆண்டு நவம்பரில் கனெஃபோ என்ற மாற்று விளையாட்டுப் போட்டியை ஜகார்த்தாவில் நடத்தினார். ஆசிய ஒற்றுமையின் கதையில் செனயான் அரங்கு ஒரு சங்கடமான பக்கம். இல்ஃபோர்டில் அத்தகைய சங்கடம் ஏதுமில்லை.

மூன்றாவது காரணமே ஆழமானது. வெறுங்கால் பிம்பம் எவரிடமும் எதையும் கேட்பதில்லை. இயற்கை தந்த ஆற்றல் என்றால் திடல் வேண்டியதில்லை, பயிற்சியாளர் வேண்டியதில்லை, நிதியும் வேண்டியதில்லை. தோல்வியிலும் பெருமை உண்டு. ரஹீமின் வெற்றியோ நிறுவனங்களிடம் கடன் கேட்கிறது. பயிற்சியும் திட்டமும் தொடர்ச்சியும் இருந்தால் வெல்லலாம் என்று அது மெய்ப்பித்துவிட்டது. ஆகவே, பின்னர் வெல்லாமற் போனதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் உண்டாகிறார்கள். நிர்வாகங்களுக்கு முதல் வகைப் பிம்பமே ஏந்தானது.

பின்வந்த வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. ஜகார்த்தாவுக்குச் சென்றபோதே ரஹீமின் உடலில் புற்றுநோய் வேரோடியிருந்தது. 1963 ஜூன் 11 அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் பதக்கம் இல்லை. 1960 ரோமுக்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இடம்பெறவே இல்லை. ஒரு மனிதரின் அறிவை நிறுவனத்தின் அறிவாக மாற்றும் ஏற்பாடு இல்லாத இடத்தில், அம்மனிதரின் மறைவோடு அவ்வறிவின் பெரும்பகுதியும் மறைகிறது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டதே 1985இல், ரஹீம் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு.

6. ஆய்வுக்குரிய சில முடிவுகள்

எளியோரின் வெற்றி நாட்டின் விளையாட்டுப் பிம்பத்தை மாற்றும் என்ற கருத்துக்கு இந்த வரலாறு ஒரு நிபந்தனை விதிக்கிறது. வெற்றி தானாகப் பிம்பமாவதில்லை. அதை நினைவில் ஏற்றும் ஏடுகள், பாடநூல்கள், அருங்காட்சியகங்கள், திரைப்படங்கள் ஆகியவை வேண்டும்; அந்நினைவால் இழப்பு நேராத அரசியல் சூழலும் வேண்டும். 1948க்கு இவை வாய்த்தன. 1962க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. ரஹீமின் வாழ்வைத் தழுவிய ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்த பின்னரே பெரும்பாலான இளைஞர்கள் அவர் பெயரை அறிந்தனர். ஏறத்தாழ 62 ஆண்டு இடைவெளி அது. திரைப்படம் புனைவின் உரிமையோடு இயங்குவது; ஆதலால் வரலாற்று ஆய்வின் பணி இனித்தான் தொடங்குகிறது.

எளியோர் என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. இல்ஃபோர்டு அணி பார்ப்போரின் கண்ணுக்கு எளியது. அதன் எளிமை வெளிப்படையாய்க் காலில் தெரிந்தது. ஜகார்த்தா அணியின் எளிமை சைக்கிள் வாடகையிலும் அகதி வாழ்விலும் ரயில்வே ஊதியத்திலும் மறைந்திருந்தது; திடலில் தெரிந்ததோ தேர்ச்சி. கண்ணுக்குத் தெரியும் எளிமையைப் போற்றுவது எளிது. தேர்ச்சி பெற்றுவிட்ட எளியவரை, அவர் கடந்து வந்த தொலைவோடு சேர்த்து மதிப்பிடுவதற்கு ஆவணங்கள் தேவை.

பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி இருவரும் 2020இல் மறைந்தனர். பலராம் 2023 பிப்ரவரியில் மறைந்தார். தங்கராஜ் 2008லேயே மறைந்துவிட்டார். வாய்மொழி வரலாற்றுக்கான கதவு ஏறத்தாழ மூடிவிட்டது. எனினும் 1962 செப்டம்பர் மாதத்துத் தமிழ் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கங்கள், ரயில்வே, ராணுவ விளையாட்டுப் பிரிவுகளின் பதிவுகள், ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் ஏடுகள் ஆகியவை முறையாகத் தேடப்பட வேண்டியவை. தங்கராஜும் பலராமும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை எத்தனை தமிழ்ப் பாடநூல்கள் பதிவு செய்துள்ளன என்று தேடிப் பார்ப்பதே ஒரு முதுகலை மாணவருக்கு நல்ல தொடக்கமாக அமையும்.